கைப்பெட்டியில் கல்லீரல்

நடுவில் இறங்குகிற ஊரில் வேலை ஒன்றும் இருக்காது, ஒரு வாசலில் இறங்கி இன்னொரு வாசலில் ஏறிக்கொள்ள வேண்டியதுதான் என்று கோயம்புத்தூரில் எல்லோரும் நாச்சிமுத்துவுக்குத் தைரியம் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் அவசரத்தில் கிடைத்ததை வாங்கியதில் இரண்டு டிக்கெட்டும் இரண்டு வேறு கம்பெனிகளுடையதாகப் போய்விட்டது. சூட்கேஸில் ஒட்டிய சீட்டு அந்த வட ஐரோப்பிய நகரத்தோடு முடிந்தது. அங்கே வெளியே வந்து, பெல்ட்டிலிருந்து சூட்கேஸை எடுத்து, சுங்கத்தைத் தாண்டி, டொராண்டோ விமானத்துக்கு மறுபடியும் பெட்டியைப் போட வேண்டும்.

சூட்கேஸைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. தொலைந்தால் நாலு வேட்டியும் இரண்டு ஸ்வெட்டரும் போகும். கவலையெல்லாம் கையில் இருந்த வெள்ளைப் பெட்டியைப் பற்றித்தான். இட்லிப் பானை அளவிருக்கும். உள்ளே ஒரு சின்ன மோட்டார் ஓயாமல் முனகிக்கொண்டிருந்தது. மூடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. அதன் வழியே பார்த்தால் இளஞ்சிவப்பு நீரில் அவருடைய மகள் மிதுளாவின் கல்லீரல் மிதப்பது தெரியும். விமானத்தில் பணிப்பெண் அதை மேலே வைக்கச் சொன்னபோது அவர் கேட்கவில்லை. வழி முழுக்க மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

ஒருவருடைய தோலைச் சிட்டிகை எடுத்து அவருக்கே உரிய ஈரலையோ சிறுநீரகத்தையோ வளர்த்துக்கொள்ளலாம் என்று வந்து சில வருஷங்களாகிவிட்டன. கனடாவில் அதற்கு வரிசை நீளம். கோயம்புத்தூரில் சீக்கிரம் கிடைக்கும். போன ஆனியில் மிதுளா டொராண்டோவிலிருந்து தோலை அனுப்பினாள். ஐப்பசிக்குள் ஈரல் தயாராகிவிட்டது. அவளே வந்து வைத்துக்கொள்வதாக இருந்தாள். அதற்குள் திடீரென்று நோய் முற்றி நினைவு தப்பிவிட்டது. பாலங்களுக்கு வரைபடம் போடுகிற பெண், தன் பெயரைக்கூடச் சொல்ல முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பெட்டிக்குள் இருப்பது நாளை வரைக்கும் தாங்கும் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள்.

சுங்கத்தில் இரண்டு வழிகள் இருந்தன. சொல்வதற்கு ஒன்றும் இல்லாதவர்கள் பச்சை வழியில் போனார்கள். நாச்சிமுத்து சிவப்பு வழியில் போய் நின்றார். மேஜைக்குப் பின்னால் ஒரு இளம்பெண் அதிகாரி. நாச்சிமுத்து ஆங்கிலத்தைத் தேடித் தேடிப் பேசுவதைக் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தமிழிலேயே சொல்லுங்கோ ஐயா. அம்மா அப்பா யாழ்ப்பாணம்" என்றாள். சட்டையில் நிரோஜினி என்று எழுதியிருந்தது.

அவருக்கு உயிர் வந்தது. "அம்மிணி, நல்லா இருப்பீங்க. இதுல என்ற பொண்ணோட ஈரல் இருக்குதுங்க. கனடாவுக்குக் கொண்டுபோறனுங்க. காயிதமெல்லாம் சரியா இருக்குது."

சூட்கேஸில் இருந்த பருப்புப்பொடியை முகர்ந்து பார்த்துவிட்டு அவள் சிரித்தாள். ஆஸ்பத்திரி காகிதங்களையும் பிறப்புச் சான்றிதழையும் பார்த்தாள். பிறகு மேஜையில் இருந்த ஒரு கருவியை அவர் பக்கம் நகர்த்தினாள். அதிலிருந்து ஒரு குழாய் பெட்டியின் பக்கவாட்டுத் துளைக்குள் போனது.

"இதிலை விரலை வையுங்கோ. சின்னதா ஒரு குத்து."

"எதுக்குங்க?"

"வளர்த்த உறுப்பை உரியவர் கொண்டுவரலாம். இல்லாட்டி ரத்த உறவு கொண்டுவரலாம். வேற ஆரும் கொண்டுவரேலாது. ஏழைச் சனத்தின்ர தோலை அவைக்குத் தெரியாமலே எடுத்து, உறுப்பு வளர்த்து வித்தவங்கள். அதுக்குப் பிறகு வந்த சட்டம். இந்த மாசம்தான் தொடங்கினது."

"அங்க யாரும் சொல்லலீங்களே."

"நீங்கள்தானே அப்பா. பிறகென்ன?"

நாச்சிமுத்துவின் கை மேஜை வரைக்கும் வந்து நின்றது. பின்னால் வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கையை எடுத்துவிட்டுத் திரும்பி நடந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எங்கே நடப்பது? விரலை வைத்தார். கருவி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சிவப்பு விளக்கைக் காட்டியது.

நிரோஜினி மறுபடியும் ஒருமுறை செய்து பார்த்தாள். பிறகு சிரிப்பில்லாமல், "பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளுக்கு வாங்கோ" என்றாள்.

அது ஜன்னல் இல்லாத சின்ன அறை. கதவைச் சாத்திவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"இந்த ஈரலுக்கும் உங்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. நீங்கள் ஆர்?"

"அவ அப்பன்தானுங்க."

"ஐயா, இது பொய் சொல்லுற இடமில்லை."

முப்பது வருஷமாக எவரிடமும் சொல்லாததை அவர் அந்த அறையில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் சொன்னார். மனைவி அம்சவேணிக்குக் கரு தங்கவில்லை. பொள்ளாச்சியில் ஒரு நர்சிங் ஹோம். ஒரு குழந்தை வேண்டும் என்று அங்கே நர்ஸாக இருந்த ஒரு அம்மாவிடம் சொல்லிவைத்திருந்தார்கள். ஒரு மழைநாளில் அவள் போன் செய்தாள். மலைமேல் எஸ்டேட்டிலிருந்து வந்த பெண், கல்யாணமாகாதவள், பெற்றதைப் பார்க்கக்கூட மாட்டேன் என்கிறாள், உடனே வந்தால் கொண்டுபோகலாம் என்றாள். அம்சவேணி ஏற்கெனவே வயிற்றில் துணி கட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். பூத்துண்டில் சுற்றிய குழந்தையை அவரே வாங்கி வந்து அவள் மடியில் போட்டார். சான்றிதழில் அவர்கள் பெயரே ஏறியது. அம்சவேணி சாகும்போதுகூட, "சாமிக்குத் தெரியவே கூடாதுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டுதான் செத்தாள். மகளை அவர்கள் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அப்ப இந்தச் சான்றிதழ் பொய்" என்றாள் நிரோஜினி.

"பொய்தானுங்க. ஆனா நான் அப்பன்தான்."

"எனக்கு விளங்குது. சட்டத்துக்கு விளங்காது. பெட்டியை நான் வாங்கி வைக்கோணும். உரியவர் நேரிலை வந்து கேக்காட்டி அழிச்சுப்போடுவினம்."

"அவ வரமுடியாதுங்க! நெனவே இல்லாமக் கெடக்கறா." அவர் எழுந்துவிட்டார். "என்னையப் புடிச்சு உள்ள போடுங்க. ஊருக்கே திருப்பி அனுப்புங்க. பெட்டிய மட்டும் யார்கிட்டயாச்சும் குடுத்து விடுங்க அம்மிணி. உங்க கால்ல வேணா..."

"இருங்கோ ஐயா. இருங்கோ." அவள் கண்களைத் தேய்த்துக்கொண்டாள். "ஒரு வழி இருக்கு. ரத்த உறவு ஆராவது தொலைபேசியிலை சம்மதம் சொன்னால், அவை காட்டுற ஆள் கொண்டுபோகலாம். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போற எல்லாரின்ர எச்சில் மாதிரியும் பதிவகத்திலை இருக்கு, அதிலை உறவு பாக்கலாம். தேடிப் பாக்கட்டோ? ஆனால் ஒண்டு. தேடினால், உங்கட மகளுக்கும் தகவல் போகும். அவ கண் முழிச்சு, போனைத் திறந்த உடனே எல்லாத்தையும் வாசிப்பா. அதை என்னாலை நிப்பாட்டேலாது."

அவர் கண்ணாடி வழியே உள்ளே பார்த்தார். அம்சவேணிக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. அதைக் காப்பாற்றினால் யாருக்கு என்ன மிஞ்சும் என்றும் நினைத்தார்.

"தேடுங்க" என்றார்.

யாராவது கிடைத்துவிடுவார்களோ என்று பயந்தார். கிடைக்காமல் போய்விடுமோ என்று அதைவிடப் பயந்தார். திரையில் ஒரே ஒரு பெயர் வந்தது. ஜெசிந்தா, தாய். பிறந்த ஊர் வால்பாறை. வளைகுடாவில் ஒரு ஆஸ்பத்திரியின் சமையலறையில் வேலை.

நிரோஜினி அழைத்தாள். கொஞ்ச நேரத்தில் தலையில் பிளாஸ்டிக் தொப்பி போட்ட ஒரு பெண் திரையில் தெரிந்தாள். பின்னால் பெரிய பாத்திரங்கள் இடிபடும் சத்தம். ஐம்பது வயதுக்குள் இருக்கும். அகலமான நெற்றியும், ஒரு பக்கமாக ஏறிய புருவமும். நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். மிதுளா எதையாவது சந்தேகப்படும்போது அந்தப் புருவம் அப்படித்தான் ஏறும்.

"யாருங்க? விசா விஷயமா? நான் எல்லாம் புதுப்பிச்சிட்டேனே" என்றாள் ஜெசிந்தா.

நிரோஜினி தான் யார் என்று சொன்னாள். பிறகு மெதுவாக, "அம்மா, முப்பது வருஷத்துக்கு முன்னாலை பொள்ளாச்சியிலை உங்களுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்ததோ?" என்று கேட்டாள்.

திரை ஆடியது, ஜெசிந்தா எங்கோ நடந்து போனாள். ஒரு கதவு மூடும் சத்தம் கேட்டது. மூட்டைகள் அடுக்கிய அறையில் நின்றுகொண்டு, தணிந்த குரலில் கேட்டாள்: "அதை ஏன் இப்பக் கேக்கறீங்க? அதுதான் செத்துப்போச்சே."

நாச்சிமுத்து நிமிர்ந்தார்.

"என்னம்மா சொல்றீங்க?" என்றார்.

"செத்துத்தான் பொறந்துச்சுன்னு சொன்னாங்க. நான் அழுகையைக் கேட்டேன். கேட்டேன்னு சொன்னேன். மயக்க மருந்துல அப்படித்தான் இருக்கும்னாங்க. மூஞ்சியக் காட்டுங்கன்னு கெஞ்சினேன். பாக்கக்கூடாது, பால் கட்டிக்கும்னு அந்த நர்ஸம்மா சொல்லிருச்சு. எங்கம்மா கல்லறைத் தோட்டத்துல ஒரு எடம் கேட்டுச்சு. அதெல்லாம் நாங்களே பாத்துக்கிட்டோம்னாங்க." அவள் திரைக்கு அருகே வந்தாள். "நீங்க யாரு?"

அன்றைக்கு நர்சிங் ஹோமின் பின்வாசலில் குழந்தையை வாங்கியபோது, அந்தப் பெண்ணை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறேனே என்று கேட்கத் தோன்றியதும், கேட்காமல் வந்ததும் நாச்சிமுத்துவின் நினைவுக்கு வந்தது. கேட்டால் கொடுக்க மாட்டார்களோ என்ற பயம்.

"நான்தானுங்க வளத்தேன்" என்றார் கடைசியில். "பெத்தவங்க வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னுதான் எங்ககிட்டச் சொன்னாங்க. சத்தியமாத் தெரியாதுங்க. நான் விசாரிக்கல. விசாரிச்சிருக்கோணும்."

"உயிரோட இருக்காளா?"

"இருக்கறாளுங்க. ஆனா சாகக் கெடக்குறா."

முழுவதையும் அவர் சொன்னார். எங்கே படித்தாள், எங்கே இருக்கிறாள், என்ன நோய், பெட்டியில் என்ன. ஜெசிந்தா ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்து கேட்டாள். அழவில்லை. முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது.

"உங்களைச் சும்மா விடமாட்டேன்" என்றாள் அவர் முடித்ததும். "அந்த நர்ஸம்மா செத்திருந்தாலும் தோண்டி எடுப்பேன். எம் புள்ளைக்காக நான் வருசா வருசம் மெழுகுவத்தி ஏத்தியிருக்கேன்யா. உசுரோட இருந்த புள்ளைக்கு."

"பண்ணுங்கம்மா. என்ன வேணாலும் பண்ணுங்க."

அப்போது நிரோஜினி குறுக்கே பேசினாள். அவள் கை மேஜையில் இருந்த ஒரு பொத்தானுக்குப் பக்கத்தில் அசையாமல் இருந்தது.

"ரெண்டு பேரும் கேளுங்கோ. நான் இன்னும் பதிவைத் தொடங்கேல்லை. நீங்கள் இதுவரைக்கும் கதைச்சது இந்த அறையோடை சரி. ஆனால் தொடங்கின பிறகு உங்களிட்டை நான் ஒரே ஒரு கேள்விதான் கேப்பன் அம்மா. பிள்ளையை விருப்பத்தோடை இவரிட்டைக் குடுத்தனீங்களோ? ஓம் எண்டால், நீங்கள் ரத்த உறவு, இவர் நீங்கள் நியமிச்ச ஆள். பெட்டி இப்பவே போகும். இல்லை எண்டால் இது பிள்ளைக் கடத்தல். பெட்டி சாட்சிப் பொருள். விசாரணை முடியும்வரை இஞ்சையே இருக்கும்."

"எவ்வளவு நாள்?"

"பெட்டிக்கு அவ்வளவு நாள் இல்லை அம்மா."

ஜெசிந்தாவுக்குப் புரிந்தது. "அப்ப நானே குடுத்தேன்னு சொல்லணுமா?" என்றாள். "என் வாயால?"

நிரோஜினி தலையசைத்தாள்.

"அது எழுத்துல இருக்குமா?"

"இருக்கும்."

"அவ படிப்பாளா?"

"படிப்பா" என்றாள் நிரோஜினி. சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தாள்.

நாச்சிமுத்து தன் போனை எடுத்தார். "ஒரு போட்டோ காட்டறனுங்க. பட்டம் வாங்கினப்ப எடுத்தது..."

"வேணாம்!" ஜெசிந்தா கையை நீட்டித் தடுத்தாள், நேரில் நிற்பவளைப் போல. "மூஞ்சியப் பாத்துட்டா எனக்கு அந்தப் பொய் வராது. அந்தப் பெட்டியக் காட்டுங்க."

அவர் பெட்டியைத் தூக்கி, மூடியின் கண்ணாடி திரையைப் பார்க்கும்படி சாய்த்துப் பிடித்தார். மோட்டார் முனகியது. இளஞ்சிவப்பு நீரில், பழுப்பும் சிவப்புமாக, அது மெல்ல அசைந்தது. ஜெசிந்தா தலையில் இருந்த பிளாஸ்டிக் தொப்பியைக் கழற்றினாள். திரையில் அவள் விரல் பெரிதாகத் தெரிந்தது. கண்ணாடியைத் தொடப் பார்க்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. பெற்ற பிள்ளையை அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பெட்டி கனத்தது. அவளாகப் போதும் என்று சொல்லும்வரை அவர் அதைக் கீழே வைக்கவில்லை.

"சரி. கேளுங்க" என்றாள்.

நிரோஜினி பொத்தானை அழுத்தினாள். குரல் வேறாகிவிட்டது, புத்தகத்தில் இருப்பதை வாசிப்பது போல, பெயரையும் ஊரையும் கேட்டாள். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

ஜெசிந்தா நேராகத் திரையைப் பார்த்தாள். "ஆமா. எனக்கு வேண்டாம்னுதான் குடுத்தேன். நானேதான் குடுத்தேன். யாரும் என்னைய ஏமாத்தல."

கேட்டதற்கு மேலேயே சொன்னாள். எவருக்கும் ஒரு சந்தேகமும் வந்துவிடக் கூடாது என்பது போல. உடனே திரை இருண்டது. அழைப்பைத் துண்டித்தது அவள்தான்.

நிரோஜினி பெட்டியில் ஒரு பச்சைச் சீட்டை ஒட்டினாள். சூட்கேஸை அவளே தள்ளிக்கொண்டு போய் மறுபடியும் எடைபோட்டு, டொராண்டோ சீட்டு ஒட்டிக் கொடுத்தாள். வாசலில் அவர் கும்பிட்டபோது, அவள் அதை வாங்கிக்கொள்ளவில்லை. "எனக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ ஐயா. ஓடுங்கோ" என்றாள்.

கடலைத் தாண்டுகிற அந்த நீண்ட பயணத்தில் நாச்சிமுத்து எதுவும் சாப்பிடவில்லை. மடியில் இருந்த பெட்டி இப்போது வேறு மாதிரி இருந்தது. கோயம்புத்தூரிலிருந்து வரும்போது தன் பொருளை எடுத்து வருகிறவர் போல உட்கார்ந்திருந்தார். இப்போது இன்னொருத்தருடையதை ஒப்படைக்கப் போகிறவர் போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

மிதுளா பிழைத்தாள். உடம்பு அந்த ஈரலை ஏற்றுக்கொண்டது. முதலில் கண் முழித்தாள். பிறகு "அப்பா" என்றாள். பிறகு, கஞ்சியில் உப்பில்லை என்று சண்டை பிடிக்கும் அளவுக்குத் தேறினாள். அவர் அவள் போனைத் தன் பையில் வைத்துக்கொண்டு, சார்ஜ் இல்லை என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் அவள் கையை நீட்டி, "குடுங்கப்பா" என்றாள். குரலில் தெம்பு வந்திருந்தது. கொடுத்தார்.

ஜன்னலுக்கு வெளியே மரங்களில் இலை இல்லை. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். முதுகுக்குப் பின்னால் அவள் வாசித்துக்கொண்டிருந்தாள்.

"நான் உங்க பொண்ணு இல்லையா?"

"என்ற பொண்ணுதான் சாமி."

"இதுல அப்படிப் போடலயே." அவள் திரையை மேலும் கீழுமாகத் தள்ளினாள். மறுபடியும் முதலிலிருந்து வாசித்தாள். அழுவாள் என்று நினைத்தார். அவள் முகம் கல்லாக இருந்தது. "விடுங்கப்பா. நீங்க வளத்தீங்க. அம்மா வளத்தாங்க. எனக்கு அது போதும். இந்தம்மா யாரோ, பேரு நம்பரெல்லாம் போட்டிருக்கு, வேண்டாம்னு குடுத்தாங்களாம். எனக்கு வேண்டாம்னு குடுத்தேன்னே சொல்லியிருக்காங்க. அவங்களைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம். இன்னைக்கே அழிச்சிடறேன். இனிமே இதைப் பத்திப் பேசவே கூடாது, சரியா?"

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவள் உள்ளங்கையில் மஞ்சள் இல்லை. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் அவருடைய மகளாகவே இருப்பாள். கேட்பதற்கு வேறு யாரும் இல்லை. அந்த அறையில் பேசியது எங்கேயும் பதிவாகவில்லை.

"அவங்க குடுக்கல, சாமி" என்றார் நாச்சிமுத்து.

"என்னப்பா?"

"குடுக்கவே இல்ல. செத்துப்போச்சுன்னு சொல்லி, அவங்ககிட்ட இருந்து எடுத்துட்டாங்க. நானும் பெத்தவங்க யாரு எவருன்னு ஒரு வார்த்தை கேக்காம வாங்கிட்டு வந்தேன். நீ பொழைக்கோணும்னு அந்தம்மா பொய் சொல்லிருச்சு."

அவள் கை அவர் கையிலிருந்து நழுவியது. புருவம் ஏறியது. அவரை, முன்பின் பார்த்திராத ஆளைப் பார்ப்பது போல, நெடுநேரம் பார்த்தாள்.

"கொஞ்சம் வெளிய இருங்க" என்றாள். அப்பா என்று சொல்லவில்லை.

தாழ்வாரத்தில் ஒரு நாற்காலி இருந்தது. உட்காரத் தோன்றாமல் சுவரோரமாக நின்றார். கதவு முழுவதும் சாத்தவில்லை. உள்ளே அவள் யாரையோ அழைக்க, மறுமுனையில் மணி அடிக்கும் ஓசை கேட்டது. அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு தூரத்தில் பாத்திரங்களின் சத்தமும், ஒரு பெண்ணின் குரலும்.

"நான் மிதுளா பேசறேன்" என்றாள் உள்ளே இருந்தவள். அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள்.

"இல்லைங்க. என் பேரு உங்களுக்குத் தெரியாது."